கடைமடையில் ஒரு மானியம்

எங்கள் ஏரிக்கு இரண்டு மதகு. மேல்மதகு, கீழ்மதகு என்று சொல்வோம். அவற்றைத் திறக்கவும் அடைக்கவும் ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. ஊர்க்கவுண்டரே ஆனாலும் மதகில் கை வைக்கக் கூடாது. அந்த ஒருவர் என் தாத்தா. ஊரின் நீர்கட்டி. குடியிருந்தது சேரியில்.

காரிமங்கலத்திலிருந்து நாலு கல் தொலைவில் எங்கள் ஊர். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு ஆடும் மாடும் தேங்காயும் போகும் தடம் எங்கள் ஏரிக்கரை ஓரமாகத்தான் போகிறது. 1960-களில் நான் சிறுமி. தாத்தாவுக்கு மத்தியானக் கூழ் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. தூக்குப்போசியில் கேழ்வரகுக் கூழ், மூடிமேல் இரண்டு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். பின்னாளில் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் வேலைக்குப் போய், முப்பது வருஷத்துக்கு மேல் குடவோலை முறையையும் ரயத்துவாரி முறையையும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஆனால் ஓர் ஊர் தன்னைத் தானே எப்படி ஆண்டுகொள்கிறது என்பதை நான் கற்றது அந்தக் கரையில்தான்.

தாத்தாவிடம் கடிகாரம் கிடையாது. வெயில் இருக்கும்போது கரைமேல் நிமிர்ந்து நிற்பார். நிழலின் தலை விழும் இடத்தில் என்னை ஒரு கூழாங்கல் வைக்கச் சொல்வார். பிறகு குதிகாலோடு பெருவிரலை ஒட்டி ஒட்டி வைத்து நிழலை அடியால் அளப்பார். "ஏழு அடி ஆயிருச்சு பாப்பா, மேலண்டைக்காரர் முறை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வாய்க்காலில் இறங்குவார். மண்வெட்டியால் இரண்டு கொத்து மண் எடுத்து ஒரு வாமடையை அடைப்பார், அடுத்ததை வெட்டிவிடுவார். இரவில் ஆறாமீன் கூட்டமும் விடிவெள்ளியும்தான் கணக்கு. வானம் மூடிய ராத்திரி என்றால் சேவல் கூவும்வரை ஒருவருக்கு, கூவியபின் அடுத்தவருக்கு. நிலத்தின் அளவுக்கு ஏற்ப நிழலின் அளவு. எழுத்தில் எதுவும் இல்லை. எல்லார் முறையும் அவர் மனசில் இருந்தது, எல்லாருக்கும் அது தெரிந்தும் இருந்தது.

அவருக்கென்று இருந்தது முப்பது சென்ட் மானியம். நீர்கட்டி வேலை பார்க்கும்வரை உழுது சாப்பிடலாம். விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அந்தத் துண்டு எந்த இடத்தில் இருந்தது என்பதில் பழைய ஆட்களின் புத்தி தெரிகிறது. ஆயக்கட்டின் கோடியில், கடைமடையில் இருந்தது. தலைமடைக்குத் தண்ணீர் தானாகப் போய்விடும். கடைசி வயல்வரை பாய்ந்தால்தான் நீர்கட்டியின் நாற்றும் நனையும். கடைமடைக்காரனுக்கு நியாயம் கிடைக்க யாரும் மேற்பார்வை பார்க்க வேண்டியிருக்கவில்லை. நிலம் இருந்த இடமே அதைப் பார்த்துக்கொண்டது.

தமிழ்நாட்டின் பல ஏரிகளில் இந்த வேலைக்கு ஆள் இருந்தார். மதுரைப் பக்கம் மடையன், நீர்பாய்ச்சி என்பார்கள். சில இடங்களில் கம்புகட்டி. எல்லை தாண்டிக் கோலாரில் நீர்கண்டி. பெயர் எதுவானாலும் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினரிடமே இந்த வேலை இருந்தது. ஆயக்கட்டில் பங்காளித் தகராறு இல்லாதவன், யாருக்கும் மாமன் மச்சான் ஆகாதவன் என்பதால் தண்ணீரைப் பங்கிட அவனை நம்பினார்கள். சொந்தமில்லாதவன் என்பதற்காகவே நம்பினார்கள். அதே காரணத்துக்காகத் திண்ணையில் ஏற்றவும் மறுத்தார்கள்.

ஐப்பசி கடைசியில் ஊர் கூடும். அரசமரத்தடி மேடையில் ஊர்க்கவுண்டர், கோயில் தர்மகர்த்தா, ஒவ்வொரு வகையறாவிலும் ஒரு பெரியவர். கீழே மற்ற தலைக்கட்டுக்காரர்கள். இன்னும் தள்ளி, வேலியோரம், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாத்தா. அவர் வேட்டிக்குப் பின்னால் நான்.

"ஏரியில எத்தனை நாள் தண்ணிடா?" என்று மேடையிலிருந்து கேள்வி வரும். கேட்பவர் தாத்தாவைவிட இருபது வயசு சின்னவராக இருப்பார்.

"கல்லுல நாலாவது கோடு நனையுதுங்க. அறுவது நாள் வரும். மொத்தத்துக்கும் நெல்லு தாங்காதுங்க. ஆளுக்குப் பாதி நெல்லு, பாதி ராகின்னு வெச்சீங்கன்னா எல்லாரும் பொழைச்சுக்கலாம்."

கொஞ்ச நேரம் பேச்சு நடக்கும். தலைமடையில் நிலம் வைத்திருந்த இரண்டொருவர் முனகுவார்கள். முடிவில் தாத்தா சொன்னதே தீர்மானமாகும். மதகோரம் ஏரிக்குள் நட்டிருந்த அந்தக் கோடு போட்ட கல்லை அவரைப் போலப் படிக்க வேறு யாருக்கும் தெரியாது. இலங்கையின் குளக்கரை ஊர்களில் 'பெத்ம' என்று ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் குறைந்த வருஷம் குளத்தை ஒட்டிய நிலத்தை மட்டும் எல்லாக் குடும்பங்களும் அந்தப் போகத்துக்குப் பங்கிட்டு உழுதுகொள்வார்கள். அதைப் படித்தபோது வேலியோரம் நின்ற தாத்தாவின் குரல்தான் என் காதில் கேட்டது.

தண்ணீர் திருடுபவர்களும் இருந்தார்கள். ராத்திரியில் வாமடையைத் தட்டிவிட்டுப் போவார்கள். முதல் தடவை பிடிபட்டால் தாத்தா அந்த ஆளிடம் மட்டும் சொல்வார். இரண்டாவது தடவை அவர் வீட்டுப் பெரியவரிடம் சொல்வார். மூன்றாவது தடவை ஊர் மேடைக்குப் போகும், குற்றம் கட்டுவார்கள். மாரியம்மன் கோயிலுக்கு எண்ணெய், அல்லது இத்தனை வள்ளம் தானியம். 2009-ல் அமெரிக்கப் பேராசிரியர் எலினார் ஆஸ்ட்ரம் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர். பொதுச் சொத்தை மக்கள் தாங்களே நெடுங்காலம் காப்பாற்ற முடியும், அதற்கு அவர்களே வகுத்த விதி வேண்டும், அவர்களுக்குப் பதில் சொல்லும் காவலாள் வேண்டும், தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும் என்று பல நாடுகளின் ஊர்களைப் பார்த்து அவர் எழுதியிருந்தார். ஸ்பெயினின் வலென்சியா நகரில் இன்றும் வியாழக்கிழமை தோறும் தேவாலய வாசலில் உழவர்கள் கூடித் தண்ணீர் வழக்குகளைத் தீர்க்கிறார்கள். வக்கீல் கிடையாது, எல்லாம் வாய்மொழி. அதை யுனெஸ்கோ 2009-ல் மனித குலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் அரசமரத்தடியைப் பற்றி எழுத ஆள் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

பங்குனி, சித்திரையில் ஏரி காய்ந்ததும் தோட்டி தமுக்கடித்துச் சாட்டுவார். தலைக்கட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டி, கூடையோடு வர வேண்டும். வர முடியாதவர் கூலி ஆளை அனுப்ப வேண்டும். வரத்து வாய்க்கால் தூர்வாருவது, கரையில் எலிவளை அடைப்பது, மதகின் வாயில் சேர்ந்த சேற்றை அள்ளுவது. இதுதான் குடிமராமத்து. அள்ளிய வண்டல் யாருக்கு எத்தனை வண்டி என்பதற்கும் கணக்கு உண்டு. மேட்டு நில ராகிக் கொல்லைக்கு அந்த வண்டல்தான் உரம். ஏரி நிரம்பிக் கோடி போன வருஷம் முனியப்பனுக்குக் கிடா வெட்டி எல்லார் வீட்டுக்கும் கூறு போடுவார்கள். கரைப் புளியமரங்களையும் மீன்பாசியையும் ஏலம் விட்டு வரும் பணம் ஊர்ப் பொதுவுக்கு. பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்க ஒரு கொண்டித்தொழு இருந்தது. மேய்ச்சல் மந்தையில் உழவு ஓட்டியவரை ஊர் விடாது.

அறுப்பு முடிந்து களத்தில் தானியம் குவிந்ததும், வீட்டுக்குப் போகும் முன்பே ஆயக்காரர் பங்கு அளக்கப்படும். நீர்கட்டி, தோட்டி, தலையாரி, கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், பூசாரி என்று வரிசை. இந்தப் பங்குக்கு மேரை என்று பெயர். விஜயநகர காலத்திலேயே தென்னாட்டில் 'பன்னிரண்டு ஆயக்காரர்' என்ற ஏற்பாடு பரவியிருந்தது. தாத்தா வள்ளத்தில் வாங்கமாட்டார்; துண்டை விரித்துப் பிடிக்க வேண்டும், மேலிருந்து கொட்டுவார்கள். கைபடக் கூடாது. சிந்தியதை நான் பொறுக்குவேன். அவர் திறந்துவிட்ட தண்ணீரில் விளைந்த நெல் அது. அவர் கை பட்டால் மட்டும் தீட்டு.

இதைச் சொல்லாமல் பழைய ஊராட்சியின் பெருமையைப் பேச எனக்கு மனம் வராது. பெருமையைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்லவும் மனம் வராது.

எங்கள் மாவட்டம் தருமபுரி. அதன் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்ட மண். பள்ளிப் பிள்ளைகளைத் தருமபுரியில் உள்ள அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிப்போய் நடுகற்களைக் காட்டுவேன். பல கற்களில் வில்லும் வாளும் ஏந்திய ஒரு ஆள். பெரும்பாலும் ஆநிரைச் சண்டையில் செத்தவர்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. தொறு கொண்டபோது பட்டான், தொறு மீட்டுப் பட்டான் என்று எழுத்து இருக்கும். மந்தை ஊரின் பொது உயிர். அதற்காக உயிர் விட்டவன் குடும்பத்துக்கு ஊரும் அரசும் நிலம் கொடுத்தார்கள். உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்று கல்வெட்டில் வரும் சொற்கள் அந்த நிலத்தைத்தான் குறிக்கின்றன. ஏரிப் பராமரிப்புக்கு ஒதுக்கிய நிலம் ஏரிப்பட்டி. செய்யும் ஊழியத்துக்கு நிலம் என்ற அந்தப் பழைய வழக்கின் கடைசி நுனிதான் தாத்தாவின் முப்பது சென்ட்.

பாடப்புத்தகத்தில் எல்லாரும் படித்தது உத்திரமேரூர். முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921-ல் வெட்டிய கல்வெட்டுகள். ஊர் 30 குடும்பாகப் பிரிந்திருந்தது. குடும்புக்கு ஒருவராக ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சிறு பிள்ளையைக் கொண்டு எடுப்பித்தார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்க முடியாது. ஏரி வாரியம் என்று தனியாக ஆறு பேரை வைத்தார்களே, அந்த ஒன்றுக்காகவே அவர்களைக் கும்பிடலாம். ஏரியில் ஓடம் விட்டு வண்டல் அள்ளப் பொன் வைத்த கல்வெட்டுகளும் அந்தக் காலத்தில் உண்டு. ஆனால் குடத்தில் பெயர் விழக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் நடுவே இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. வகுப்பில் இதைச் சொல்லி முடித்ததும் ஒரு வருஷம் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், அந்த ஏரியில மதகைத் திறந்தது யாரு?" என்று கேட்டான். முப்பது வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஆகச் சிறந்த கேள்வி அது.

வெள்ளைக்காரர்கள் வந்தபோது மாற்றம் எங்கள் மண்ணிலிருந்துதான் தொடங்கியது. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் எங்கள் பகுதி அடங்கிய பாரமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி வயல் வயலாக அளந்தார். ஊரோடு மொத்தமாகப் பேசாமல் ஒவ்வொரு உழவனோடும் அரசு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவாகி, பின்னர் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. உழவனுக்கு அது கௌரவம். நடுவில் நின்று தின்ற குத்தகைதாரர் தொல்லை குறைந்தது. மன்றோவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வயலுக்குத் தனித்தனியாகக் கணக்கு ஏறியபோது ஏரி சர்க்கார் புறம்போக்கு ஆயிற்று. விளைச்சலிலிருந்து பொதுவுக்கு எடுத்து வைத்த பங்குகள் தேய்ந்தன. மானியங்கள் பல இடங்களில் திரும்ப எடுக்கப்பட்டன, அல்லது அவற்றுக்கு வரி போடப்பட்டது. ஊர் தானாகச் செய்துகொண்டிருந்த மராமத்து தளர்ந்தது. 1858-ல் அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, குடிமராமத்துக்கு வராதவரிடம் அபராதம் வாங்க வழி செய்தது. தமுக்குச் சத்தத்துக்கு வந்த ஆட்களைச் சட்டப் பிரிவு காட்டி வரவழைக்க முடியவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா மிக மோசமாக அடிபட்டது. அப்போது தருமபுரி அந்த ஜில்லாவில்தான் இருந்தது, தனி மாவட்டமானது 1965-ல். பஞ்சத்துக்குப் பிறகு 1883-ல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் என்று தொடங்கி ஏரி ஏரியாக அளந்து குறிப்பெழுதினார்கள். கரையின் நீளம், மதகின் உயரம் எல்லாம் ஏறின.

இத்தனைக்கும் பிறகும் எங்கள் ஊரில் பழைய ஏற்பாடு 1960-கள் வரை உயிரோடு இருந்தது என்பதுதான் ஆச்சரியம். அதை முடித்தது மோட்டார். மின்சாரம் வந்து கிணறுகளில் பம்புசெட் ஏறியதும் தலைமடைக்காரர்களுக்கு ஏரியின் தயவு தேவைப்படவில்லை. கூட்டத்துக்கு வருவதை முதலில் நிறுத்தியவர்கள் அவர்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் பிறகு எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. கிணறு வற்றி ஆழ்துளை வந்தது; ஆயிரம் அடி போனாலும் புகைதான் வருகிறது என்று சொல்லும் காலமும் வந்தது. ஆழத்துத் தண்ணீரில் புளோரைடு. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளின் பல்லில் காவி படிந்ததற்கும் பெரியவர்களின் முதுகு வளைந்ததற்கும் அதுதான் காரணம். கடைசியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வந்து குடிக்கிறோம்.

தாத்தாவின் மானியமும் போனது. சிறு இனாம்களை ஒழித்து ரயத்துவாரி பட்டாவாக மாற்றும் சட்டம் 1963-ல் வந்தது. நிலத்தை உழுதவருக்கே பட்டா கிடைக்க வழி இருந்த சட்டம். எங்கள் பகுதியில் விசாரணை நடந்த அன்று தாத்தா கீழ்மதகில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். யாரும் வந்து அவரைக் கூப்பிடவில்லை. பட்டா வேறொரு பெயரில் ஏறியது. அதற்கு அடுத்த போகம் அவர் வழக்கம்போல் நிழலை அளந்தார். அதற்கடுத்த போகம் வாய்க்கால் உடைந்து கிடந்தும் மண்வெட்டியை எடுக்கவில்லை. "கடைமடைக்குத் தண்ணி போனா என்ன, போகாட்டி என்ன, கண்ணு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

1994 ஊராட்சிச் சட்டத்தின்படி 1996-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம். நீர்கட்டியின் மருமகளான என் அம்மா வார்டு உறுப்பினர் ஆனார். முதல் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை என்று அவரைப் பாயில் உட்காரச் சொன்னார்கள். அம்மா நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த கூட்டத்துக்கு வீட்டு மர ஸ்டூலைத் தலையில் சுமந்துகொண்டு போனார். ஐந்து வருஷமும் அந்த ஸ்டூல் ஊராட்சி அலுவலகத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு, 1997 ஜூனில், மேலவளவில் தாழ்த்தப்பட்டவரான முருகேசன் ஊராட்சித் தலைவரானதற்காகவே வெட்டிக் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, அம்மா ரேடியோவை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் கூட்டத்துக்குப் போனார். அவர் கொண்டுவந்த முதல் தீர்மானம் வரத்து வாய்க்கால் ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும் என்பது.

ஊர்க் கட்டுப்பாடு நன்றாக இருந்த அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். அப்படியே வர வேண்டாம். அந்த அறிவு வரட்டும், அந்தத் துண்டு விரித்தல் வர வேண்டாம். கடைமடையில் மானியம் வைத்த புத்தியும் மேடையில் எல்லாருக்கும் இடமும் ஒரே ஊரில் இருக்க முடியும். நம் மாநிலத்தில் 39,000-க்கு மேல் ஏரிகள் இருக்கின்றன. 2017-ல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் எங்கள் ஏரிக்கரையிலும் ஒரு பலகை நட்டார்கள். கரை பலப்படுத்துதல், மதகு புதுப்பித்தல், வாய்க்கால் தூர்வாருதல், ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை. மதகைத் திறந்து அடைக்கும் ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. புது மதகின் இரும்புத் திருகு துருப்பிடித்து இறுகிவிட்டது.

இப்போது வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வேலியோரம் யாரும் நிற்க வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது உங்கள் ஊர் ஏரிக்கு நீர்கட்டி யார், அவருக்குச் சம்பளம் எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள். யாரும் இல்லை என்றால், ஒருவரை வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை உட்காராதீர்கள்.